பிள்ளையார் வாய்க்கால் உடன்படிக்கை

உலகத்தில் இதுவரை நடந்த இரண்டு மகா யுத்தங்களுக்கும் ஒரே காரணம், வெள்ளைக்காரனிடம் துண்டு இல்லாததுதான்.

இதை மாட்டுத் தரகர் மதார் சாகிப், 1954-ஆம் வருஷம் ஆடி மாதம், காரைக்கால் கடைத்தெருவில் ஒரு காப்பி கிளப்பில் உட்கார்ந்து, காப்பியை ஆற்றிக்கொண்டே அறிவித்தார். சிரிக்கவில்லை. அவருடைய தொழிலில் சிரிக்கக் கூடாது. தரகர் சிரிப்பதைப் பார்த்தால், மாடு வாங்க வந்தவன் இன்னொரு தடவை மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணுவான்.

"கோட்டு இருக்கு, தொப்பி இருக்கு, பீரங்கி இருக்கு. தோள்ல ஒரு துண்டு இருக்கா? இல்ல. துண்டு இருந்திருந்தா ஜெர்மன்காரனும் பிரெஞ்சுக்காரனும் உள்ள கையை விட்டுக்கிட்டு, உனக்கு இத்தனை எனக்கு இத்தனைன்னு முடிச்சிட்டுப் போயிருப்பான். அதை விட்டுட்டு ஊர் முன்னால வாயைத் தொறந்து கேட்டான். ஊர் முன்னால கேட்டவன் எறங்கி வருவானா? மானம் போயிடுமே. சுட்டுக்கிட்டான்."

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. தரகர் துண்டை விரிப்பார். அதற்கடியில் விற்பவனின் விரல்களைப் பிடிப்பார், பிறகு வாங்குபவனின் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரல், எந்தக் கணு, எவ்வளவு அழுத்தம் என்பதிலேயே எல்லாம் முடிந்துவிடும். துண்டுக்கு மேலே வாய்கள் மழையைப் பற்றியும் மாமனாரின் மூலநோயைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். விற்றவன் சொன்னது வாங்கினவனுக்குத் தெரியாது, வாங்கினவன் சொன்னது விற்றவனுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் தரகர் ஒருவர்தான். மதார் சாகிப் இருபத்தைந்து வருஷமாக இரண்டும் தெரிந்தவராக இருந்து வந்தார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

"நான் யாரையும் நம்புறதில்ல. என்னையும் யாரும் நம்ப வேணாம். அதனாலதான் எனக்கு இந்த ஊர்ல விரோதின்னு ஒருத்தன் கிடையாது" என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த பாலகுரு தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டு ஆட்டியதல்ல, இந்த மனுஷனைத் திருத்த முடியாது என்று ஆட்டியது. முதல் மகா யுத்தத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் போய்ச் சண்டை போட்டு, காலில் ஒரு குண்டுக் காயமும் மாதாமாதம் ஒரு பென்ஷனுமாகத் திரும்பியவர் அவர். காரைக்காலில் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்பார்கள். சொல்தா பாலகுரு அந்தப் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அமெரிக்க அதிபர் வில்சன் உலகத்துக்கு நிரந்தர சமாதானம் வருவதற்குப் பதினான்கு அம்சத் திட்டம் ஒன்று போட்டிருப்பதாகப் பத்திரிகையில் வந்தது. பக்கத்துக் கட்டில்காரன் அதைச் சத்தம் போட்டு வாசித்தான். குண்டு எடுத்த வலியில் கேட்டதாலோ என்னவோ, பதினான்கும் பாலகுருவின் மனசில் ஒட்டிக்கொண்டன. தமிழில் எழுதி ஒரு நோட்டுப் புத்தகத்தில் வைத்திருந்தார். முப்பத்தாறு வருஷமாக அந்த நோட்டு அவருடைய சட்டைப் பையில் இருந்தது. சட்டைதான் மாறிக்கொண்டிருந்தது.

"முதல் அம்சம் என்ன தெரியுமா பாய்? ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டா ஊரறியப் பேசிப் போடணும். ரகசியமாப் பேசக் கூடாது. ரகசியமாப் பேசினதாலதான் யுத்தமே வந்தது."

"ஊரறியப் பேசினா ஒரு கிழட்டுக் கோழி கூட விலை போகாது, சொல்தா. உங்க வில்சன் மாடு வித்ததில்ல, அதனால அப்படிச் சொல்லிட்டாரு."

இப்படியே பேசிவிட்டுக் கலைந்து போகிற விஷயமாகத்தான் இது வருஷக்கணக்காக இருந்தது. அந்த வருஷம்தான் வாய்க்கால் குறுக்கே வந்தது.

இருவருக்கும் சுரக்குடியில் நிலம். சுரக்குடிக்குத் தண்ணீர் பிள்ளையார் வாய்க்காலில் வரும். வாய்க்கால் கொத்தங்கரை வழியாக வரும். கொத்தங்கரை இந்தியாவில் இருந்தது. சுரக்குடி பிரான்ஸில் இருந்தது. ஊர் எல்லையில் வாய்க்காலுக்கு ஒரு மதகு, மதகில் நான்கு பலகை. பலகைக்கு மேற்கே ஒரு தேசம், கிழக்கே ஒரு தேசம்.

பிரெஞ்சு ஆட்சி முடியப்போகிற அந்தக் காலத்தில் காரைக்காலில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். கதர் உடுத்தினவனைப் பிரெஞ்சுக் கட்சிக்காரன் பார்த்தான். கோட்டு மாட்டினவனைக் காங்கிரஸ்காரன் பார்த்தான். கதர்ச் சட்டைக்கு மேல் கோட்டு மாட்டினவனை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். இந்த நேரத்தில் தண்ணீர் குறைந்தது. தங்களை இந்தியாவோடு சேரச் செய்வதற்காகவே கொத்தங்கரைக்காரர்கள் பலகையைப் போட்டிருக்கிறார்கள் என்று சுரக்குடி நினைத்தது. சுரக்குடிக்காரர்கள் பிரெஞ்சுக்காரன் சொல்லித்தான் அழுகிறார்கள் என்று கொத்தங்கரை நினைத்தது. வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் யாருக்கு என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. நாலு நாள் எங்களுக்கு என்றது சுரக்குடி. ரெண்டே நாள்தான், அதுவும் தர்மத்துக்கு என்றது கொத்தங்கரை.

மதார் சாகிப்புக்கு சுரக்குடியில் ஆறு மா நிலம், அதாவது ரெண்டு ஏக்கர். அதில் விளைவதுதான் வீட்டுக்கு வருஷச் சோறு. விளையாவிட்டால் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. சுற்றிலும் இந்தியா, எல்லையில் சுங்கச்சாவடி. ஒரு படி அரிசி இந்தப் பக்கம் வர ஒரு படி காகிதம் வேண்டும். சம்பா நாற்று பறிக்கிற பருவத்துக்கு வந்துவிட்டது. நட வேண்டிய வயலில் பசு கூடக் கால் வைக்கத் தயங்கும் அளவுக்கு வெடிப்பு.

முதலில் சொல்தா பாலகுருதான் இறங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு ஊர்க்காரர்களையும் மதகடிக்கு வரச் சொன்னார். மேல்கரையில் கொத்தங்கரை, கீழ்கரையில் சுரக்குடி, மதகின் தலைமாட்டில் முக்காலி போட்டு ஓர் இந்தியச் சுங்கச் சிப்பாய். மதார் சாகிப் பூவரச மர நிழலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். பாலகுரு நோட்டைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார்.

"ஒன்று. ஒப்பந்தங்கள் ஒளிவு மறைவில்லாமல் பேசப்பட்டு, ஒளிவு மறைவில்லாமல் முடிக்கப்பட வேண்டும்."

"யாரு ஒளிச்சது? எங்களையா சொல்றாரு?" என்று மேல்கரையில் ஒரு குரல் எழும்பியது.

"இரண்டு. சமுத்திரத்தில் யாரும் தடையின்றிப் போகலாம்."

"வாய்க்காலப் பேச வந்துட்டு சமுத்திரத்த ஏன் இழுக்குறாரு?" என்றான் செல்லையன். சுரக்குடியில் கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவன் அவன். "இதுல ஏதோ இருக்கு."

"மூன்று. தேசங்களுக்கிடையே உள்ள வர்த்தகத் தடைகள் நீக்கப்பட வேண்டும்."

சுங்கச் சிப்பாய் முக்காலியை விட்டு எழுந்து வந்து பாலகுருவின் பெயர், தகப்பனார் பெயர் இரண்டையும் எழுதிக்கொண்டு போய் மறுபடி உட்கார்ந்தார்.

நான்காவது ஆயுதக் குறைப்பு. கையில் மண்வெட்டி வைத்திருந்தவர்கள் அதைப் பின்னால் மறைத்தார்கள். ஐந்தாவது காலனிகளைப் பற்றியது. அதைப் பாலகுரு கொஞ்சம் வேகமாக வாசித்தார். அவருக்குப் பென்ஷன் பிரெஞ்சு சர்க்காரிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பெரும்பாலும் யாரும் கேட்டறியாத தேசங்கள் வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் இரு கரையிலும் முகங்கள் இறுகின. பதின்மூன்றில் போலந்து வந்தது. போலந்துக்குக் கடலுக்குப் போக வழி விட வேண்டும் என்றிருந்தது.

"எந்த வழியா?" என்றான் செல்லையன்.

"எந்த வழியான்னா?"

"கடலுக்குன்னா கிழக்கதான போகணும்? நம்ம வாய்க்கால் வழியாவா?"

"டேய், அது ஐரோப்பாவுல இருக்குடா."

"இப்ப அங்கதான் இருக்கும். வழி விட்டப்புறம்தான தெரியும்."

இதற்கு மேல்கரையிலும் ஆமோதிப்பு இருந்தது. இரண்டு ஊரும் அந்த வருஷத்தில் ஒத்துப்போன ஒரே விஷயம் போலந்துக்குத் தண்ணீர் கிடையாது என்பதுதான். பதினான்காவது அம்சம், எல்லா தேசங்களும் சேர்ந்த ஒரு பொதுச் சங்கம். அதைக் கடைசி வரை இருந்து கேட்டவர்கள் மூன்று பேர்: மதார் சாகிப், சுங்கச் சிப்பாய், ஓர் ஆடு.

"அந்தச் சங்கத்துல வில்சன் ஊரே சேரலன்னு கேள்விப்பட்டேனே, நெசமா?" என்று மதார் சாகிப் கேட்டார்.

பாலகுரு நோட்டை மூடினார். "சேரல."

"ஏனாம்?"

"அவரு சொன்னத அவரு ஊர்க்காரனே நம்பல."

"துண்டு, சொல்தா, துண்டு" என்றார் மதார் சாகிப், எழுந்து வேட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டபடி.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவரே நேராக மதகடிக்கு வந்தார். கொத்தங்கரை நாட்டாமை சுப்பையனுக்கு ஏற்கெனவே ஆள் போயிருந்தது. சுப்பையனும் மாடு கன்று விற்று வாங்கினவர். துண்டுப் பாஷை தெரிந்தவர். இவர் பிரான்ஸில் நின்றார், அவர் இந்தியாவில் நின்றார், நடுவில் மதகுச் சுவரின் மேல் துண்டை விரித்து இருவரும் கையை உள்ளே விட்டார்கள். இரு கரையிலும் ஜனம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

சுங்கச் சிப்பாய் வந்துவிட்டார். "துணிக்குள்ள என்ன?"

"கை" என்றார் மதார் சாகிப்.

"யாரோட கை?"

"ஒண்ணு என்னுது. மத்தது உங்க தேசத்துக் கை."

சிப்பாய் துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். கைகள்தான் இருந்தன. கைகளுக்குத் தடை இருப்பதாக அவருடைய பட்டியலில் இல்லை. குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

"மேகம் தெக்க கட்டுது, நாட்டாமை."

"ஆமா பாய். ஆனா காத்து சரியில்ல."

"மருமவன் கோலாலம்பூர்லயா இருக்காரு?"

"பினாங்குல."

பத்து நிமிஷம் இப்படிப் போயிற்று. சுப்பையன் ஒரு தடவை பல்லைக் கடித்தார். அப்புறம் இருவரும் கையை எடுத்துக்கொண்டார்கள். மதார் சாகிப் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"முடிஞ்சுது. சுரக்குடிக்கு மூணு நாள். கொத்தங்கரைக்கு நாலு நாள்."

இதைவிட நியாயமான ஒப்பந்தம் அந்த வாய்க்காலில் அதற்கு முன் நடந்ததில்லை. மதார் சாகிப் தம் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தரகு வாங்காமல், இரண்டு பக்கமும் ஒரே எண்ணைச் சொல்லி முடித்த பேரமும் அதுதான். அதுதான் வினையாகப் போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலமே செல்லையன் சுரக்குடியில் கணக்குப் போட்டான். "பாய் மூணுன்னு சொல்றாரு. பாய் எப்பவாச்சும் முடிச்சதைச் சொல்லியிருக்காரா? மூணுன்னா நாலு முடிச்சிருக்கணும். ஒரு நாள் எங்க போச்சு?"

விஷயம் காதுக்கு வந்ததும் மதார் சாகிப் ஓடி வந்தார். "அட, வாரத்துக்கு ஏழு நாள்தான் தம்பி! அவங்க நாலு, நாம மூணு, ஏழு ஆச்சு. ஒளிச்சு வைக்க எட்டாவது நாள் ஏது?"

"அதத்தான் நாங்களும் கேக்குறோம், பாய்."

"ஒரு நாள் தண்ணிய மடியில கட்டிக்கிட்டா போவேன்?"

"நீங்க எப்படிக் கொண்டு போனீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? துண்டுல்ல போட்டு மூடியிருந்தீங்க."

கொத்தங்கரையில் இதே கணக்கு வேறு மாதிரி நடந்தது. சுப்பையன் மூணு என்றால் அஞ்சு விட்டுக்கொடுத்திருப்பார்; ஊருக்குப் பயந்து குறைத்துச் சொல்கிறார். மருமகன் பினாங்கில் இருக்கிற தைரியம்.

தண்ணீர் திறந்தார்கள். மூன்று நாள் வந்தது. வெடித்த வயல் அதைக் குடித்துவிட்டு ஏப்பம் கூட விடவில்லை. நாலாம் நாள் காலை, பலகை போட கொத்தங்கரை நீர்க்காவல்காரர் முத்தையன் வந்தபோது, செல்லையனும் ஆறு பேரும் பலகை இறங்குகிற காடியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒளித்த நாளைக் கொடுத்தால்தான் எழுந்திருப்போம் என்றார்கள்.

முத்தையன் ஊருக்கு ஓடினார். "பாத்தீங்களா? நாலாம் நாளும் கேக்குறான். அப்ப நாட்டாமை அஞ்சு குடுத்தது நெசந்தான்!"

மத்தியானத்துக்குள் கொத்தங்கரை திரண்டு வந்தது. தள்ளுமுள்ளில் இரண்டு பேருக்குப் பல் போயிற்று, இரு தரப்பிலும் ஒவ்வொன்று. கடைசியில் நான்கு பலகையையும் இறக்கி, இடுக்கில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து, தெய்வமே வந்தாலும் திறக்க முடியாதபடி அடைத்துவிட்டார்கள். உண்மை வெளியே வருகிற வரைக்கும் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எட்டு நாள் கழிந்தது. வந்த மூன்று நாள் தண்ணீரின் ஈரமும் காய்ந்தது. மதார் சாகிப் தினமும் நாற்றங்காலுக்குப் போய்க் குந்திக்கொண்டு ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்ப்பார். நுனி மஞ்சள். அடியில் கணு கட்டத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு வாரத்தில் நட்டால் வைக்கோல் கிடைக்கும், நெல் கிடைக்காது. வரப்பில் போகிறவர்கள் அவரைப் பார்த்துவிட்டு, என்ன யோசிக்கிறார், இதில் அவருக்கு என்ன லாபம் என்று யோசித்துக்கொண்டே போனார்கள்.

வீட்டில் மனைவி ஆஸியா பீவி நெல் குதிரின் வாயில் கையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மார்கழி வரைக்கும் வரும். அதுக்கப்புறம்?"

"அல்லா குடுப்பான்."

"குடுப்பான். வாய்க்கால்ல குடுத்தான். நீங்கதான் துண்டு போட்டு மூடுனீங்க."

"ஹக்கா, நேர்மையா முடிச்ச பேரம், ஆஸியா! வல்லாஹி, மூணுன்னா மூணுதான். ஒரு பய நம்ப மாட்டேங்குறான்."

ஆஸியா பீவி முறத்தைக் கீழே வைத்தாள். "இருவத்தஞ்சு வருஷமா உங்கள ஒருத்தனும் நம்பக் கூடாதுன்னு பாடுபட்டீங்க. இப்ப நம்பலன்னா கோவிச்சுக்கிறீங்களே, இது என்ன நியாயம்?"

மதார் சாகிப் முறத்தை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அவர் முறத்தைத் தொட்டதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. எதையோ மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை மதார் சாகிப் முத்தையன் மூலமாகச் சுப்பையனுக்குச் சொல்லியனுப்பினார். சுப்பையன் மதகடிக்குத் தனியாக வந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"எங்க ஊர்ல என் தம்பியே எனக்கு வெத்தல நீட்டுறதில்ல, பாய். பெரியவங்க முன்னால உக்காந்தா எழுந்து போயிடுறாங்க. நான் என்னத்த வித்தேன்னு தெரியல, ஆனா வித்துட்டேன்னு மட்டும் எல்லாருக்கும் தெரியுது."

"மறுபடி பேசுவோம், நாட்டாமை. மொதல்லேருந்து."

"துண்டு கொண்டாந்திருக்கீங்களா?"

"வேணாம்" என்றார் மதார் சாகிப். இதை அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வெயில் ஏறுவதற்குள் இரு கரையும் நிறைந்துவிட்டது. ஒரு மோசடியைப் பகலில் பார்க்கிற வாய்ப்பை யாரும் விடத் தயாராக இல்லை. பாலகுருவும் வந்து கூட்டத்தின் பின்னால் நின்றார். மதார் சாகிப் மதகுச் சுவர் மேல் வலது கையை வைத்தார். வெறுங்கை. இருபத்தைந்து வருஷமாகப் பேரம் பேசின கை வெயிலில் கூசிற்று. கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து வைத்தது போல இருந்தது அவருக்கு.

"அன்னிக்கு நான் மொதல்ல புடிச்சது" என்று சொல்லி ஐந்து விரலையும் விரித்தார். "அஞ்சு. அஞ்சு நாள் எங்களுக்கு."

கீழ்கரையில் 'ஆகா' என்று ஒரு சத்தம். மேல்கரையில் வசவு.

"நாட்டாமை என்ன காமிச்சாரு?"

சுப்பையன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். ஒற்றை விரலைத் தூக்கினார். "ஒண்ணு."

"அப்படிப் போடுங்க மாமா!" என்று மேல்கரையில் ஒருவன் துள்ளினான்.

"அப்புறம் நான் நாலுக்கு எறங்கினேன். நாட்டாமை எறங்கல. ஒண்ணுலேயே நின்னாரு. அப்ப நான் அவரு சுண்டுவிரலத் திருகினேன்."

"இன்னும் வலிக்குது" என்றார் சுப்பையன், கையைத் தூக்கிக் காட்டி. "அதனாலதான் ரெண்டுக்கு வந்தேன்."

"ஒரு விரலுக்காகவா ஒரு நாள் தண்ணிய விட்டீங்க?" என்று முத்தையன் மேல்கரையிலிருந்து கேட்டார்.

"உன் விரலக் குடு, நான் திருகுறேன், அப்ப சொல்லு."

இப்படியே போயிற்று. நாலு, ரெண்டு. நாலு, ரெண்டு. இரு கரையிலும் 'ஏறாதீங்க', 'எறங்காதீங்க' என்று யோசனைகள் வந்து விழுந்தன. மழை மேகம் பற்றி எப்போது பேசினார்கள், பினாங்கு எப்போது வந்தது, பல்லைக் கடித்தது எதற்கு எல்லாம் வெளியே வந்தது. மேகம் தெற்கே கட்டுகிறது என்றது, இனிமேல் இறங்க மாட்டேன் என்று அர்த்தமாம். நாலு தலைமுறையாகத் தரகர்கள் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லித் தந்த சங்கதிகள் ஒவ்வொன்றாக வாய்க்கால் கரையில் வந்து உட்கார்ந்தன. கேட்டவர்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டார்கள் என்பது மதார் சாகிப்புக்குத் தெரிந்தது. அடுத்த சந்தையில் தெரியும்.

"கடைசியா நான் மூணு. நாட்டாமை மூணுக்கு சரின்னு என் உள்ளங்கையத் தட்டினாரு. அவ்வளவுதான். அன்னிக்கும் மூணுதான். இன்னிக்கும் மூணுதான்."

பிறகு செல்லையன் முன்னால் வந்தான்.

"நல்லாத்தான் இருந்துது, பாய். கூத்துக்காரன் கூட நல்லாத்தான் பேசுறான். ரெண்டு பேரும் நேத்தே பேசி வச்சுக்கிட்டு வந்திருந்தா?"

மேல்கரையிலும் தலைகள் ஆடின. அதுவும் நியாயம்தான் என்பது போல.

"இப்ப என்னதாண்டா செய்யச் சொல்றே?" என்றார் மதார் சாகிப்.

"ஊர் முன்னால ஒளிக்காம பேசுறீங்க, சரி. நான் ஒண்ணு கேக்குறேன், அதுக்கும் ஒளிக்காம சொல்லுங்க. நாலு வருஷத்துக்கு முன்னால எனக்கு ஒரு மயிலைக் காளை முடிச்சுக் குடுத்தீங்க. வீட்டுக்குக் கொண்டுவந்து ஏர்ல பூட்டினேன். நடு வயல்ல படுத்துக்கிச்சு. உங்ககிட்ட ஓடியாந்தேன். கொட்டகை மாறினதுல மாட்டுக்கு மனசு சரியில்ல, மாசம் ஒண்ணாச்சுன்னா தேறிடும்னு சொன்னீங்க. நாலு வருஷமா படுத்துக்கிட்டேதான் இருக்கு. அது படுக்குற மாடுன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. விற்றவன் செத்துப்போய்விட்டான், காளைக்கு வாய் இல்லை. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு, தரகராகவே வீட்டுக்குப் போகலாம். கூட்டத்துக்கு மேலாக அவருடைய நாற்றங்கால் தெரிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மஞ்சள் நன்றாகவே தெரிந்தது. கூட்டத்தின் பின்னால் பாலகுரு நோட்டுப் புத்தகத்தை எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தெரியும்" என்றார் மதார் சாகிப்.

"சத்தமா!" என்றது இந்தியா.

"தெரியும்யா! வித்தவன் மொத விரலப் புடிக்கும்போதே சொல்லிட்டான். படுக்கும், அடிச்சாலும் எழுந்திருக்காது, அதனாலதான் தள்ளி விடுறேன்னான். போதுமா?"

செல்லையன் அவரையே பார்த்தான். கோபப்படப் போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நாலு வருஷமாகத் தன் மேல்தான் ஏதோ குறை, மாட்டுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தவன் அவன். ஒரு பெருமூச்சு விட்டான்.

"இதையே ஒத்துக்கிட்டாரு" என்றான் கூட்டத்தைப் பார்த்து. "அப்ப மூணு மூணுதான்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, மதகு இடுக்கிலிருந்த களிமண்ணைக் கையாலேயே தோண்ட ஆரம்பித்தான். மேல்கரையிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள், இவன் ஏதாவது கூடுதலாகத் தோண்டிவிடுகிறானா என்று பார்ப்பதற்கு. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் அவர்களும் தோண்டினார்கள். முத்தையன் பலகையைத் தூக்கினார். தண்ணீர் முதலில் அழுக்காக, வைக்கோலோடு வந்தது. பிறகு தண்ணீராக வந்தது. எல்லையில் நின்றுகொண்டிருந்த சுங்கச் சிப்பாய் அது போவதைப் பார்த்துக்கொண்டு பட்டியலை மடித்துப் பையில் வைத்தார்.

மதார் சாகிப் புறப்படலாம் என்று திரும்பினார். வழியில் சுரக்குடிக்காரர் ஒருவர் நின்றிருந்தார். அவர் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் வரப்பு வளைகிற வரைக்கும் ஆட்கள், ஒருவர் பின் ஒருவராக, வரிசை கலையாமல் நின்றார்கள். யாரும் சண்டை போட வந்தது போல இல்லை.

"அந்தச் செவலை மாடு, பாய். ரெண்டாயிரம் தடவ கேட்டிருப்பேன். கண்ணு தெரியாதுதானே அதுக்கு?"

மதார் சாகிப் மதகுச் சுவர் மேல் உட்கார்ந்தார். "இடது கண்ணு. வலது தெரியும்" என்றார்.

"அல்ஹம்துலில்லா" என்றார் அடுத்து நின்ற நெய்னா முகம்மது, தம்முடைய முறை வருவதற்குள்ளாகவே மனசைத் திடப்படுத்திக்கொண்டு.

வெயில் உச்சிக்கு வந்தது. ஒவ்வொருவராகக் கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, ஆனாலும் இரு கரைக்கும் கேட்டது. சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் சிரித்தார். எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ மேல்கரையிலிருந்து முத்தையன், பலகைச் சேறு காயாத கையோடு, வாய்க்காலைத் தாண்டி வந்து நின்றார்.

"என்னுது பசுங்க, பாய்."

"எந்தப் பசு?" என்று மதார் சாகிப் மெதுவாகக் கேட்டார். "உதைக்கிறதா, பாலை அடக்குறதா?"